ஒட்டி மூடிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டேபிள்டாப் ஃபேன்டசி விளையாட்டுகளுக்கு ஒளிரும் மினியேச்சர் டெரெய்ன் செய்யும் முறையை உங்கள் வார இணைப்பில் பார்த்து மிகவும் மகிழ்ந்தோம். பாழடைந்த கோபுரம், நிலவறை, எரிமலைப் பிளவு என்று மேசைமேல் ஒரு நிலப்பரப்பையே எழுப்பி அதற்குள் விளக்கேற்றும் இந்தக் கைவேலைக்கு நாளிதழில் இடம் கிடைப்பது அபூர்வம். கல் செதுக்குவதையும் பாசி ஒட்டுவதையும் அந்தக் கட்டுரை நன்றாகவே சொல்லியிருந்தது. ஆனால் மின்சார வேலை ஒரே வரியோடு முடிந்துவிட்டது: எல்.இ.டி.யை பேட்டரியில் இணைத்து, ஒட்டி, மூடிவிடவும். அதை அப்படியே செய்தால் விளக்கு கருகும், அல்லது பேட்டரி தீர்ந்த நாளில் சுவரை உடைக்க வேண்டிவரும். இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருபவர்கள் என்ற முறையில், விடுபட்டதை எழுதி அனுப்புகிறோம்.

கோபுரத்தின் உயரத்தை யோசிப்பதற்கு முன்பே பேட்டரி எந்த வழியாக வெளியே வரும் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். 3 ஏஏ செல் பிடிக்கும் பெட்டிக்குச் சுமார் 60 மி.மீ. நீளமும் 50 மி.மீ. அகலமும் 20 மி.மீ. ஆழமும் தேவை. இந்த இடம் தரைக்கு அடியில் கிடைக்காவிட்டால் ஒரு மேட்டையோ பாறையையோ அதற்காகவே திட்டமிடுங்கள். அடித்தளத்துக்கு 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார்) பலகை, அதன்மேல் 20 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். எனப்படும் அடர்த்தியான ஃபோம் பலகை என்று வைத்தால் பெட்டி, சுவிட்ச், வயர் மூன்றும் தரைக்குள் அடங்கிவிடும். மணிமணியாக உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் வேண்டாம். அதில் செங்கல் கோடு சுத்தமாக விழாது, சிறு வயர்ப் பள்ளமும் நிற்காது. எக்ஸ்.பி.எஸ். பலகையில் பென்சில் முனையால் அழுத்தினாலே கல் கோடு பதியும். கசக்கிய அலுமினியத் தாள் உருண்டையை மேலே உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். பலகையின் அடிப்பக்கத்தில் 3 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் வயருக்குப் பள்ளம் கீறுங்கள். பள்ளத்தை ஹாட் க்ளூவால் (உருக்கி ஒட்டும் பசையால்) நிரப்பாமல் மாஸ்கிங் டேப்பால் மூடினால் போதும். ஓர் இணைப்பு விட்டுப்போனால் டேப்பை உரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரெசிஸ்டர், அதாவது மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம். கட்டுரையில் இந்தச் சொல்லே இல்லை என்பதுதான் எங்கள் பெரிய வருத்தம். எல்.இ.டி. தனக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளாது. அது எரியத் தேவையான மின்னழுத்தத்தைச் சற்றே தாண்டினாலும் மின்னோட்டம் கிடுகிடுவென ஏறும். சிவப்பு, மஞ்சள் எல்.இ.டி.களுக்கு அந்த அளவு சுமார் 2 வோல்ட். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 முதல் 3.3 வோல்ட். கணக்கு எளிது: பேட்டரி வோல்ட்டிலிருந்து எல்.இ.டி. வோல்ட்டைக் கழித்து, மீதியை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டரின் அளவு ஓமில் கிடைக்கும். 3 ஏஏ செல் 4.5 வோல்ட். ஒரு வெள்ளை எல்.இ.டி. 10 மில்லி ஆம்பியரில் எரிய வேண்டுமானால் 1.5 வோல்ட்டை 0.01-ஆல் வகுக்க வேண்டும். விடை 150 ஓம். அதே பெட்டியில் மஞ்சள் எல்.இ.டி. 5 மில்லி ஆம்பியரில் எரிய 500 ஓம் வருகிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் 470 ஓம் போதும். சாதாரண 3 மி.மீ., 5 மி.மீ. எல்.இ.டி.களுக்கு 20 மில்லி ஆம்பியர் மேல்வரம்பு என்றாலும், டெரெய்னில் அந்த வரம்பை எட்ட வேண்டிய தேவையே வருவதில்லை.

ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் வையுங்கள். எல்லாவற்றையும் பக்க இணைப்பில் (பேரலலாக) சேர்த்து ஒரே ரெசிஸ்டரை மாட்டினால், நிறம் கலந்த இடத்தில் சிவப்பு மட்டும் எரியும், வெள்ளை இருண்டே கிடக்கும். சிவப்பு 2 வோல்ட்டிலேயே மின்னோட்டத்தை எல்லாம் இழுத்துக்கொள்வதால், வெள்ளைக்குத் தேவையான 3 வோல்ட் அந்த இணைப்பில் எழவே எழாது. வெள்ளை எல்.இ.டி. கெட்டுப்போனது என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்கள் பலர். அது கெட்டிருக்காது.

2 ஏஏ செல்லில் வெள்ளை எல்.இ.டி. போடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. புதுச் செல்லில் பளிச்சென்று எரியும். செல் கொஞ்சம் இறங்கியதும் 3 வோல்ட் கிடைக்காமல் மங்கிவிடும். செல்லில் பாதிக்கு மேல் சக்தி மிச்சமிருக்கும்போதே மாற்ற வேண்டிவரும். மஞ்சளும் சிவப்பும் மட்டும் என்றால் 2 செல் தாராளம். வெள்ளையோ நீலமோ பச்சையோ சேர்ந்தால் 3 செல். 9 வோல்ட் சதுர பேட்டரியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒரு மஞ்சள் எல்.இ.டி.யை அதில் எரித்தால் 9-இல் 7 வோல்ட் ரெசிஸ்டரில் வெறும் சூடாகப் போகிறது. கொள்ளளவும் சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணிதான். ஏஏ அல்கலைன் செல் 2000-க்கு மேல் தரும். தலா 5 மில்லி ஆம்பியரில் ஐந்து தீப்பந்தங்கள், தலா 10-இல் இரண்டு வெள்ளை விளக்குகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 45 மில்லி ஆம்பியர். 3 ஏஏ செல் அதைச் சுமார் 40 மணி நேரம் தாங்கும்.

பவர் பேங்கில் மாட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டலாம். யு.எஸ்.பி. 5 வோல்ட் என்பதால் வெள்ளைக்கு 220 ஓம், மஞ்சளுக்கு 560 அல்லது 680 ஓம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் பல பவர் பேங்குகள் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், சார்ஜ் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சில விநாடிகளில் தாமாகவே அணைந்துவிடும். ஏழெட்டு எல்.இ.டி. மட்டும் உள்ள டெரெய்ன் அந்த வரம்பை எட்டாது. நிலவறை பாதி ஆட்டத்தில் இருண்டுபோனால் சால்டரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள். குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி முறை உள்ள பவர் பேங்கோ, 5 வோல்ட் அடாப்டரோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பட்டன் செல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் கட்டுரைப் படத்தில் இருந்தது சிஆர்2032. அந்தச் செல்லின் உள்தடை அதிகம் என்பதால் ரெசிஸ்டர் இல்லாமலும் ஓர் எல்.இ.டி. பிழைத்துக்கொள்கிறது; அதைப் பார்த்துத்தான் ரெசிஸ்டரே தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அதே எல்.இ.டி.யை 3 ஏஏ செல்லில் நேரடியாக மாட்டினால் கருகிவிடும். இதைவிட முக்கியம் குழந்தைகளின் பாதுகாப்பு. சிஆர்2032-இன் விட்டம் 20 மி.மீ. சிறு குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரமான திசு வழியாக மின்னோட்டம் பாய்ந்து, அந்த இடத்தில் காரம் உருவாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். விளக்கை எரிக்க முடியாத அளவுக்குத் தீர்ந்த செல்லிலும் இந்த ஆபத்து இருக்கிறது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனவே பட்டன் செல் வைக்கும் எந்த டெரெய்னிலும் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். மூடிக்குப் பயன்படும் சிறு நியோடிமியம் காந்தங்களையும் இதே கவனத்தோடு பதியுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் மடிப்புகளை இடையில் வைத்துக் கவ்விக்கொள்ளும். காந்தத்தை மேலோட்டமாக ஒட்டாமல், குழி தோண்டி உள்ளே பதித்து, மேலே ஒரு அட்டைத் துண்டை ஒட்டிவிடுங்கள். காந்தத்தின்மேல் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்த சக்தியை இழக்கத் தொடங்கும். சால்டரிங் அயர்ன் முனை 350 டிகிரி.

அந்தச் சூட்டுக்கு ஃபோமும் தாங்காது. இணைப்புகளை எல்லாம் மேசைமேல், ஃபோமுக்கு வெளியே சால்டர் செய்து, சுருங்கும் குழாயைச் சூடாக்கி மூடி, எரியவைத்துப் பார்த்த பிறகே பள்ளத்தில் இறக்குங்கள். எல்.இ.டி.யின் நீளமான கால் நேர்முனை. காலை வெட்டிய பின்பு தெரியவில்லை என்றால் அடி விளிம்பைப் பாருங்கள். தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை. காலை வெட்டுவதற்கு முன்பே நேர்முனைக்குச் சிவப்பு வயரைப் பற்றவைத்துவிட்டால் இந்தத் தேடலே வேண்டாம். மயிரிழை போன்ற எனாமல் பூசிய செம்புக்கம்பியோடு வரும் குட்டி எல்.இ.டி.கள் விளக்குக் கம்பங்களுக்கு அருமையானவை. 0603 என்ற அளவு 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம்தான். அவற்றின் கம்பி முனையில் உள்ள எனாமலைச் சுரண்டாமல் சால்டர் வைத்தால் ஒட்டியதுபோலத் தெரியும், மின்சாரம் போகாது. மென்மையாகச் சுரண்டுங்கள், அல்லது முனையில் சால்டர் உருண்டையை வைத்து எனாமல் கருகும்வரை பிடியுங்கள். மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்து இரு முனைகளைத் தொட்டால் எல்.இ.டி. மங்கலாக எரியும்.

இனி வெளிச்சத்தின் அழகு. புதிதாகச் செய்பவர்களின் டெரெய்னில் நாங்கள் அதிகம் காண்பது மிதமிஞ்சிய வெளிச்சம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 5-ஆம் பதிப்பு விதிப்படி ஒரு தீப்பந்தம் 20 அடிக்குப் பிரகாசமும் அதற்கு மேல் 20 அடிக்கு மங்கல் ஒளியும் தரும். ஒரு கட்டம் 5 அடி, மேசையில் அது ஓர் அங்குலம். ஆக, 4 கட்டம் பிரகாசம், அடுத்த 4 கட்டம் மங்கல். விளக்கு மங்கிய அறையில் 10 மில்லி ஆம்பியரில் எரியும் எல்.இ.டி. மேசை முழுவதையும் வெளிச்சத்தில் மூழ்கடித்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கண் கூசி, மினியேச்சரும் பகடையும் தெரியாது. 3 செல் பெட்டியில் மஞ்சள் குட்டி எல்.இ.டி.க்கு 1.5 கிலோ ஓம் வைத்துப் பாருங்கள். மின்னோட்டம் சுமார் 1.7 மில்லி ஆம்பியர்தான். தீப்பந்தத்துக்கு அது கச்சிதம். எல்.இ.டி. நேரடியாகக் கண்ணில் படாதபடி தூணுக்குப் பின்னாலோ கதவு வளைவுக்கு மேலோ மறைத்துவிட்டு, அதன் ஒளி கல்லில் விழுவதை மட்டும் காட்டுங்கள். தெளிந்த தலை கொண்ட எல்.இ.டி. குறுகிய கற்றையாக ஒளி வீசும். 400-ஆம் எண் உப்புத்தாளால் தலையைத் தேய்த்துவிட்டால் ஒளி பரவும். ஜன்னலுக்கு உள்ளிருந்து டிரேசிங் தாள் ஒட்டுங்கள்.

நிறமும் பேசும். விளக்குக்கும் அடுப்புக்கும் 2700 முதல் 3000 கெல்வின் வெது வெள்ளை, மந்திரத்துக்கும் நிலவொளிக்கும் 6000 கெல்வினுக்கு மேற்பட்ட குளிர் வெள்ளை. கணப்பு நெருப்புக்குத் துடிக்கும் மஞ்சள் எல்.இ.டி. ஒன்றையும், அதற்கு அடியில் அசையாமல் எரியும் சிவப்பு ஒன்றையும் வையுங்கள். துடிப்பது மட்டும் இருந்தால் கெட்டுப்போன டியூப்லைட் போலிருக்கும். கீழே நிலையான சிவப்பு இருந்தால்தான் தணல் தெரியும். துடிக்கும் எல்.இ.டி.க்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. பேட்டரி இறங்கினால் முதலில் நிற்பது அந்தத் துடிப்புதான். அதைச் செல் மாற்றும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எரிமலைப் பிளவைக் கட்டுரை இரண்டே வரியில் முடித்திருந்தது. ஒளிரும் டெரெய்னிலேயே மிக அழகானதும் மிக எளிதில் கெடுவதும் அதுதான். 20 மி.மீ. பலகையை ஊடுருவும்படி பிளவை வெட்டுங்கள். மேல்வாய் 4 மி.மீ., அடிவாய் 8 மி.மீ. என்று கீழே விரிய வேண்டும், அப்போதுதான் மேலிருந்து பார்ப்பவருக்கு எல்.இ.டி. தெரியாமல் ஒளி மட்டும் தெரியும். அடியில் தெளிவான பிளாஸ்டிக் தகட்டை வைத்து, கீழ்ப்பக்கம் டிரேசிங் தாள் ஒட்டுங்கள். எல்.இ.டி.களுக்கு இடையே எவ்வளவு தூரமோ, தகட்டுக்கும் எல்.இ.டி.க்கும் இடையே குறைந்தது அவ்வளவு தூரம் இருக்க வேண்டும். தூரம் குறைந்தால் எரிமலைக் குழம்பு ஓடுவதுபோல இருக்காது, வரிசையாகப் புள்ளிகள் தெரியும். தகட்டின்மேல் குறைந்த சூட்டில் உருகும் ஹாட் க்ளூவை மெல்லிய அலையாக இழுத்து, ஆறியதும் ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பெயின்ட் அல்லது மை பூசுங்கள். இங்கே பெயின்டிங் பழக்கம் தலைகீழாகும். பாறையில் பள்ளம் இருட்டு, விளிம்பு வெளிச்சம். குழம்பில் பள்ளத்தின் நடுதான் வெளிர் மஞ்சள், விளிம்பை நோக்கி ஆரஞ்சு, பிறகு சிவப்பு, கரையில் கருகிய கறுப்பு. பாறையின் மேல் ஆரஞ்சுச் சாயை தீட்ட ஆசைப்பட்டால் பிளவைப் பார்த்திருக்கும் பக்கங்களில் மட்டும் தீட்டுங்கள்.

பெயின்ட் வேலையில் இரண்டு ஆபத்துகள். ஸ்ப்ரே பெயின்டில் உள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். முதலில் கறுப்பு அக்ரிலிக் 2 பங்கு, வெள்ளைப் பசை 1 பங்கு கலந்து தூரிகையால் இரண்டு பூச்சு கொடுங்கள். இடுக்கு ஒன்று விட்டுப்போனாலும் ஸ்ப்ரே அங்கே குழி பறிக்கும், எனவே முடிந்தவரை தூரிகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டாவது ஆபத்து, விளக்கை ஏற்றிய பிறகுதான் தெரியும்: ஃபோம் ஓரளவு ஒளியை விடும் பொருள். சுவர் முழுக்கத் தாள் விளக்கைப்போல மின்னும், மூலை இடுக்குகளில் கோடு கோடாக வெளிச்சம் கசியும். சுவரின் உட்பக்கத்தையும் கறுப்பால் மூடி, அதன்மேல் வெள்ளை அடித்தால் கசிவும் நிற்கும், உள்ளே ஒளியும் பெருகும். இடுக்குகளை அக்ரிலிக் சீலன்ட்டால் அடையுங்கள். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் வேண்டாம், அது வெளியிடும் அமிலம் செம்பை அரிக்கும். ஒளி பிரதிபலிக்க அலுமினியத் தாள் ஒட்டுபவர்கள் அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதை நினைவில் வைத்து, வெறும் இணைப்பு எதுவும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரெசின் ஊற்றிக் குளமோ பளிங்கோ செய்பவர்களுக்கு ஒரு சொல்: எபாக்ஸி ரெசின் இறுகும்போது சூடாகும், கனமாக ஊற்றினால் அதிகச் சூடு. 3 மி.மீ.க்கு மேல் ஒரே முறையில் ஊற்றாதீர்கள். சூடான கம்பியால் ஃபோம் வெட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகையில் ஸ்டைரீன் இருக்கும். ஈயம் கலந்த சால்டரைத் தொட்ட கையைக் கழுவிய பிறகே சாப்பிட உட்காருங்கள்.

அடுத்த முறை இதுபோன்ற செய்முறை வரும்போது, ரெசிஸ்டர் அளவுகளையும் பட்டன் செல் எச்சரிக்கையையும் ஒரு சிறு கட்டத்தில் சேர்த்து வெளியிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறோம். மேலே சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சிறுவர்களும் படித்துச் செய்யும் பகுதி என்பதால் இதை வற்புறுத்தியே கேட்கிறோம்.

கட்டுரையைப் படித்து ஏற்கெனவே ஒட்டி மூடிவிட்டவர்கள் டெரெய்னைத் தூக்கிப் போட வேண்டாம். கவிழ்த்துவைத்து, பேட்டரி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, புதிய அலகு போட்ட கத்தியால் ஒரு சதுரம் வெட்டுங்கள். கத்தியின் முனை சதுரத்தின் நடுவை நோக்கி இறங்கும்படி சாய்த்துப் பிடித்தால், வெட்டிய துண்டு ஆப்புப்போல அதே இடத்தில் உட்கார்ந்து மூடியாகிவிடும். பேட்டரியை எடுத்துவிட்டு, நேர்முனை வயரை ஓரிடத்தில் வெட்டி அங்கே ரெசிஸ்டரைச் சேருங்கள். உள்ளே சால்டர் வைக்க இடமில்லை என்றால் சிறு திருகு இணைப்பி போதும். பல எல்.இ.டி. இருந்து தனித்தனி வயர் வெளியே வராமல் இருந்தால், ஒரே நிறமாக இருக்கும்பட்சத்தில் மட்டும் ஒரு பொது ரெசிஸ்டரோடு சமாளிக்கலாம்; வெளிச்சம் கொஞ்சம் ஏற்றத்தாழ்வாக இருக்கும். 3 செல் பெட்டியில் நான்கு மஞ்சள் எல்.இ.டி.களுக்கு 120 ஓம் சரியாக வரும். ஒரு மணி நேரம் எரியவிட்டு, ரெசிஸ்டர் தொட முடியாத அளவுக்குச் சூடாகவில்லை என்று பார்த்த பின் மூடியைத் திருகாணியால் இறுக்குங்கள். அலமாரியில் வைக்கும்போது அல்கலைன் செல்களை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே கிடந்தால் ஒருநாள் காரம் கசிந்து பெட்டியின் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

இப்படிக்கு,
ஒளிரும் டெரெய்ன் செய்வோர் சிலர்